டிசி-3 விமானம் இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது?

ஒரு விமானத்தின் சேவை வரலாறு என்றால் அது யாரிடம், எங்கே, எவ்வளவு காலம் பறந்தது என்ற கதைதான். டக்ளஸ் டிசி-3 முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. அடுத்த வருடமே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதில் பயணிகளை ஏற்றியது, அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராணுவத்துக்காக 10,000க்கும் மேல் செய்து தள்ளினார்கள், போர் முடிந்து அவை மலிவாக விற்பனைக்கு வர, பல நாட்டு நிறுவனங்கள் அள்ளிக்கொண்டன.

நீண்ட ஆயுளுக்கு ஒரு முக்கியக் காரணம், இதன் உள்ளே காற்றழுத்தம் ஏற்றுவதில்லை. உயரத்தில் பறக்கும் விமானத்துக்குள் பயணிகள் மூச்சுவிடக் காற்றை அழுத்தி நிரப்புவார்கள், அதனால் அதன் உடல் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் உப்பி அடங்கும்; கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிகிற மாதிரி உலோகம் களைத்துவிடும். தாழ்வாகப் பறந்த டிசி-3க்கு அந்தத் தொல்லை இல்லை. (மேகத்தில் குலுங்கிய பயணிகள்தான் பாவம்.)

ஓட்டை வண்டியை 'டகோட்டா' என்று கிண்டல் செய்வதால் அது வேறு ஏதோ டப்பா விமானம் என்று நினைத்துவிடாதீர்கள், டிசி-3இன் ராணுவ வடிவத்துக்கு பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர்தான் அது.