தோல் முட்டைக்கு டானிக் எதற்கு?

கேள்வி: ஐயா, எங்கள் பண்ணையில் 2,000 வெள்ளை லேயர் (முட்டைக்) கோழிகள், வயது 68 வாரம். இரண்டு மாதமாக ஓடு மெலிந்துகொண்டே வருகிறது. முட்டை அட்டைக்கு இரண்டு மூன்று கீறல், நடுவே ஓடில்லாத தோல் முட்டையும் விழுகிறது. தண்ணீரில் கால்சியம் டானிக் ஊற்றியும் பலனில்லை. காலை 6 மணிக்கும் பகல் 12 மணிக்கும் தீவனம் போடுகிறோம். கோழிகள் சுறுசுறுப்பாகத்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், ராசிபுரம்

பதில்: டானிக்கை நிறுத்துங்கள், காசாவது மிஞ்சும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது தீவன நேரம்தான்.

முட்டைக்கு ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி வேலை ராத்திரியில், கோழி ஒன்றும் தின்னாத நேரத்தில் நடக்கிறது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். 110 கிராம் தீவனத்தில் 4 சதவீதம் என்றால் 4 கிராமுக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். சரிக்குச் சரி கணக்கு. பகல் 12 மணிக்குப் போட்டது ராத்திரி வரை எங்கே இருக்கும்? குடல் காலியானதும் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கிறது. முட்டைக் காலம் முடிந்த கோழியைக் கழிவுக்கு ஏற்றும்போது பிடித்த பிடியில் கால் முறிகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே தீவனத்தில் பெரும்பங்கை மாலை 4 மணிக்குத் தள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, மூன்றில் இரண்டு பங்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையாக இருக்கட்டும். மாவாக அரைத்த கல் சீக்கிரம் குடலைக் கடந்துவிடும். குருணை அரைவைப் பையில் தங்கி விடிய விடியக் கரையும். கடைக்காரர் ‘குருணைதான்’ என்று சொல்வதை நம்பாதீர்கள். ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டு அலசி, கலங்கல் போக அடியில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். கிளிஞ்சல் என்றால் இன்னொரு சோதனை: கொஞ்சம் எடுத்து வினிகரில் ஊறப் போடுங்கள், வினிகரை மாற்றிக்கொண்டே இருங்கள். கிளிஞ்சல் நுரைத்துக் கரையும்; கரையாமல் கிடப்பது கடற்கரை மணல், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். மக்னீசியம் மிகுந்த டோலமைட் கல் வேண்டவே வேண்டாம்.

ஓடு மெலிகிறது என்றதும் டிசிபியை (டைகால்சியம் பாஸ்பேட்) அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. பாஸ்பரஸ் கூடினால் ஓடு இன்னும் கெடும். மக்காச்சோளத்தில் பூஞ்சணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுத்தால், வைட்டமின் டி3 எவ்வளவு போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது.

இனி சித்திரை, வைகாசி வெயில். கோழி வாய் பிளந்து மூச்சிரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது; ஓடு கட்ட அதுவும் தேவை. டன் தீவனத்துக்கு 1 முதல் 2 கிலோ சமையல் சோடா கலந்து, அதற்கேற்ப உப்பைக் குறையுங்கள். போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் முதலில் அதைப் பரிசோதித்துவிட்டுச் சோடாவுக்குப் போங்கள். உப்புத் தண்ணீரும் ஓட்டைக் கெடுக்கும்.

இவ்வளவு செய்தாலும் 30 வாரத்து ஓடு திரும்ப வராது. வயதாக ஆக முட்டை பெருக்கிறது, அதன்மேல் பூசக் கிடைக்கும் சுண்ணாம்பு கூடுவதில்லை. கீறல் குறைந்தால் அதுவே லாபம். முட்டை உருண்டு வந்து ஒன்றோடொன்று மோதாதபடி ஒரு நாளைக்கு இரண்டு தடவை பொறுக்குங்கள்.

உங்களுக்கு நேர்ந்தது மெல்ல மெல்ல வந்தது. ஒரே வாரத்தில் தோல் முட்டை மளமளவென்று கூடினாலோ, ஓடு சுருங்கி வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினாலோ அது நோய். தீவனத்தை மாற்றிக்கொண்டு காத்திராமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஆறு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். முட்டை ஓட்டை அதற்கே போட்டால் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும் என்கிறார் மாமியார். நிஜமா?
– வாசகி, தேனி

பதில்: பாதி ஓடாக, முட்டை வடிவம் தெரியப் போட்டால் மாமியார் சொல்வது நடக்கலாம். கொதிக்க வைத்து, வெயிலில் காயவிட்டு, ரவை பதத்துக்கு நுணுக்கி, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அதுவே தின்றுகொள்ளும். குஞ்சுகளுக்கு மட்டும் எட்டாமல் வையுங்கள், அவற்றுக்குக் கால்சியம் மிஞ்சினால் சிறுநீரகம் கெட்டுவிடும்.