காணியை விற்று ஊசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஓடினால் அடிக்கடி விழுவான், படியேறக் கைபிடி வேண்டும். யாழ்ப்பாணத்தில் காட்டி, கொழும்பில் மரபணுப் பரிசோதனை செய்தோம். டுஷேன் தசைநலிவு நோய் என்று சொல்லிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா, அமெரிக்காவில் இதற்கு ஊசி இருக்கிறது, இணையத்தில் காசு சேர்ப்போம் என்கிறார். மாமியார் சென்னையில் ஸ்டெம்செல் சிகிச்சை செய்யலாம் என்கிறார். கோப்பாயில் எனக்குச் சீதனமாகத் தந்த காணி 4 பரப்பு இருக்கிறது. அடுத்த துண்டு அண்ணாவுடையது, இன்னும் பிரிக்கவில்லை. தரகர் பரப்புக்கு 12 லட்சம் சொல்கிறார். நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை, 14 வருட சேவை. கணவருக்குச் சின்ன இரும்புக்கடை. நகையில் பாதி அடைவில். மூத்தவள் மகள், வயது 12. காணியை விற்கட்டுமா?

பதில்: விற்க வேண்டாம், தங்கச்சி. அந்த ஊசிக்காகவும் வேண்டாம், சென்னைக்காகவும் வேண்டாம். நான் வைத்தியர் இல்லை, காசுக் கணக்குப் பார்க்கிறவன். ஆனால் இந்த நோயில் கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்றால் மருந்தைப் பற்றியும் கொஞ்சம் பேசத்தான் வேண்டும்.

அண்ணா சொல்லும் ஊசியின் பெயர் எலெவிடிஸ். அமெரிக்காவில் 2023 ஜூனில் அனுமதி கிடைத்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஏற்றுவது. பட்டியல் விலை 32 லட்சம் டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 96 கோடி ரூபா. உங்கள் நாலு பரப்பும் தரகர் சொன்ன விலைக்கே போனாலும் 48 லட்சம்தான், நூற்றுக்கு அரைப் பங்கு. மிச்சத்தை இணையத்தில் சேர்த்து முடிக்க ஓரிரு வருடமாவது போகும். அதற்குள் பையனின் கால் என்ன நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, எப்படியோ காசு சேர்ந்துவிட்டது என்றே வைப்போம். எதை வாங்குகிறோம்? தசையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இந்தப் பிள்ளைகளுக்கு உருவாவதில்லை. அதற்கான மரபணு மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று, அதில் எக்சோன் எனப்படும் துண்டுகள் 79. அதை உடலுக்குள் கொண்டுபோகும் வைரசுக்குள் முழுவதும் அடங்காது என்பதால் சுருக்கிய ஒன்றைத்தான் அனுப்புகிறார்கள். ஏற்கெனவே போன தசை திரும்பி வராது. 4 முதல் 7 வயதுப் பையன்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023 கடைசியில் வந்தது, முதன்மை இலக்கை எட்டவில்லை. 2025 இல், நடக்க முடியாத நிலைக்குப் போயிருந்த இரண்டு பதின்ம வயதுப் பையன்கள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். அதற்குப் பிறகு நடக்கக்கூடியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். எக்சோன் 8 அல்லது 9 இல்லாத பிள்ளைக்கு அது கொடுக்கவே கூடாது. உங்கள் மகனின் பரிசோதனை அறிக்கையில் எந்த எக்சோன் இல்லை என்று எழுதியிருக்கும். காசு சேர்ப்பதைப் பற்றி அண்ணா பேசும் முன்பு அந்த ஒரு தாளை வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை.

ஸ்டெம்செல் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை வந்துவிடும் என்பதால் எங்கள் ஆட்களுக்கு இந்த ஆசை சுலபமாக வருகிறது. இரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம்செல்லை ஆய்வுக்கு வெளியே காசுக்குச் செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமே சொல்லியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூன்று தரம் போய் வந்தது. மூன்றாம் தரத்துக்கு வீட்டு உறுதியை அடமானம் வைத்தார்கள். பிள்ளை நடந்ததில் வித்தியாசம் தெரியவில்லை, வட்டி மட்டும் தெரிந்தது.

இந்த நோய் ஒரே அடியாகக் காசு கேட்பதில்லை. மாதாமாதம் கேட்கும், இருபது இருபத்தைந்து வருடம் கேட்கும். ஸ்டீரொய்ட் மாத்திரை இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் 12 வயதளவில் நடப்பதை நிறுத்திவிடுவார்கள். மாத்திரை அதைச் சில வருடம் தள்ளிப்போடுகிறது. பிறகு சக்கர நாற்காலி, பிறகு இருதயத்துக்கு மருந்து, இரவில் மூச்சுக்கு ஒரு இயந்திரம். ஒழுங்காகக் கவனித்தால் முப்பது வயதைத் தாண்டி வாழ்கிறவர்கள் இப்போது நிறைய. இதில் முக்கியமான பங்கு, அந்த ஸ்டீரொய்ட், மிகவும் மலிவு. அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். இருதய ஸ்கானும் உடற்பயிற்சிப் பிரிவும் அப்படித்தான். உலகத்திலேயே விலை கூடிய மருந்துகளில் ஒன்றும் மிக மலிவான மாத்திரையும் ஒரே நோய்க்கு! பயன் உறுதியாகத் தெரிந்தது மாத்திரைக்குத்தான்.

ஆகவே அண்ணாவிடம் இப்படிக் கேளுங்கள். 96 கோடி வேண்டாம். கனடா, லண்டன் சொந்தத்தில் ஆறு குடும்பம், ஆளுக்கு மாதம் 50 கனடா டொலர். டொலர் 210 ரூபா என்று வைத்தால் மாதம் 63 ஆயிரம். வாங்கும் காசுக்கு உங்கள் சம்பளக் கணக்கில் சேராத தனிக் கணக்கு திறவுங்கள், வருடத்துக்கு ஒரு முறை செலவுக் கணக்கை அனுப்புங்கள். ஊருக்கு அனுப்பிய காசு என்ன ஆனது என்று தெரியாததால்தான் பாதி வெளிநாட்டுச் சொந்தங்கள் இரண்டாம் வருடம் நிறுத்துகிறார்கள். அண்ணா இணையத்தில் சேர்த்தே தீருவேன் என்றால், இலக்கு எட்டாவிட்டால் இந்தக் காசு பராமரிப்புக்குப் போகும் என்று முதல் நாளே எழுதச் சொல்லுங்கள்.

சேரும் காசில் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை நிலையான வைப்பில் போடுங்கள். ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 லட்சம் வரைக்குந்தான். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருந்தால் வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்து அதை நிறுத்தலாம். ஃபினான்ஸ் கம்பனி இரண்டு வீதம் கூடத் தருகிறது என்று யாராவது வருவார்கள். தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் நகை. அடைவு வட்டி எப்போதும் வைப்பு வட்டியை விடக் கூட. எனவே வைப்பு தொடங்க முன்பு நகையை மீட்க வேண்டும். அதற்கு நீங்கள் அரச ஊழியருக்கான இடர் கடன் எடுக்கலாம், வருடத்துக்கு 4.2 வீதம். ஊரில் மூன்று வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்றுக்கு, எடுத்தவர்கள் அந்த வருட வட்டியை ஒன்றரை மாதத்துக்குள்ளேயே கட்டிவிடுகிறார்கள்.

நீங்கள் கவனிக்காமல் இருக்கக்கூடியது உங்கள் பென்சன். சம்பளத்தில் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் கழிகிறதல்லவா? பெற்றோருக்குப் பிறகு பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தக் காசு சாதாரணமாக 26 வயதோடு முடியும். இயலாமை உள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்க. அதற்கு அவன் பெயரும் இயலாமையும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு இப்போதே மருத்துவ அறிக்கையோடு பதியுங்கள். ஆயுள் காப்புறுதி எடுப்பதென்றால் உங்கள் இருவர் பெயரிலும் எடுங்கள், பிள்ளை பெயரில் எடுக்க வேண்டாம். உழைக்கிறவர் போனால்தான் வீடு சாயும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பதியுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கும் இப்போது அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

காசு செலவழிக்க வேண்டிய ஒரு இடத்தை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போல. உங்களுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களில் தாய் அதைச் சுமக்கிறார், மற்ற ஒரு பங்கில் பிள்ளையிலேயே புதிதாக வருகிறது. நீங்கள் சுமப்பவர் என்றால் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவள் வளர்ந்து தானே முடிவெடுக்கும் வயதில் செய்துகொள்ளலாம். சுமக்கும் பெண்ணின் இருதயத்தையும் இடைக்கிடை பார்க்க வேண்டும் என்பதால் இது உங்கள் உடம்புக்கான செலவும்கூட. மாமியார் யாரையாவது குற்றம் சொல்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் தெரியும். சொந்தத்துக்குள் கட்டியதால் வந்தது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தலசீமியா போன்றவற்றில் அந்தப் பேச்சுக்கு இடமுண்டு, டுஷேனில் இல்லை.

கடைசியில் காணி. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியதைப் பார்த்தோம். வைப்பில் கிடந்த காசு கரைந்தது, காணி அப்படியே கிடந்தது. இன்னும் நாலைந்து வருடத்தில் வீட்டில் படிக்குப் பதில் சாய்தளம், அகலமான கதவு, கீழேயே குளியலறை எல்லாம் தேவைப்படும். அப்போது ஒரு பரப்பை விற்கலாம், அதற்குத்தான் இந்தக் காணி. அப்போதும் சீதனக் காணி என்பதால், யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி கணவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பிரிக்காத பங்கு என்பதால் அண்ணாவுக்கு முன்னுரிமை உண்டு, அவருக்கு அறிவிக்காமல் வெளியாருக்கு எழுதினால் பின்னால் வழக்கு வரும். இரண்டு பேருக்கும் அவசரம் இல்லாத இந்த நேரத்திலேயே நொத்தாரிசிடம் போய்ப் பங்கைப் பிரித்துத் தனி உறுதி எழுதிவிடுங்கள். தரகரிடம் உறுதியின் பிரதி கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்ப வாங்குங்கள்.