சும்மா நடந்தால் என்ன?

அன்புள்ள அண்ணனுக்கு,

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்மாய்க்கரையில் முயல் ஓடும், பொழுது சாய்ந்தால் நரியும் தண்ணீருக்கு வரும். இப்போது இரண்டும் கண்ணில் படுவதில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டியில் வந்தால் ஹெட்லைட்டில் கண்கள் மின்னுகின்றன. இவை குறைந்துவிட்டனவா, பதுங்குகின்றனவா? ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே நாங்கள் ஏழெட்டுப் பேர் கரடு ஏறுகிறோம். வேட்டை இல்லை, குப்பை போடுவதும் இல்லை. சும்மா நடப்பதால் என்ன வந்துவிடும் என்கிறான் நண்பன். சரிதானா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

நண்பர் சொல்வதைத்தான் நானும் வெகுகாலம் நம்பினேன். 2018-இல் சயன்ஸ் இதழில் கெய்ட்லின் கெய்னரும் அவருடைய குழுவும் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றி நடந்திருந்த 76 ஆய்வுகளைத் திரட்டி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்திலும் மிகுந்த இடத்திலும் ஒரே வகை விலங்கு எந்நேரத்தில் வெளியே வருகிறது என்று ஒப்பிட்டார்கள். ஆள் மிகுந்த இடத்தில் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்கு. பகல் பாதி, இரவு பாதி என்றிருந்த விலங்கு, 68 சதவீதத்தை இரவுக்குத் தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமத்ராவின் சூரியக் கரடி இன்னும் மோசம், அமைதியான காட்டில் 19 சதவீதமாக இருந்த அதன் இரவு நடமாட்டம், ஆட்கள் புழங்கும் காட்டில் 90 சதவீதம்.

என்னை உலுக்கியது இதுதான்: வேட்டைக்காரர் போனாலும் மலையேறுபவர் போனாலும் விலங்குகள் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் இரவை நோக்கி ஒதுங்கியிருந்தன. உங்கள் கையில் கண்ணி இல்லை என்பது முயலுக்கு எப்படித் தெரியும்?

குறைந்துவிட்டனவா என்பதற்கு, பகலில் காணோம் என்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. முயலும் நரியும் எப்போதுமே அந்தியிலும் இரவிலும் திரிகிறவைதான். நீங்கள் சிறுவயதில் பார்த்தது அவற்றுக்குக் கிடைத்திருந்த பகலின் இரண்டு ஓரங்களை, காலைக் கருக்கலையும் மாலைக் கருக்கலையும். கரையில் தார் ரோடும், தெருநாய்களும், நடைப்பயிற்சியும் வந்து அந்த ஓரங்களைத் தின்றுவிட்டன. நீங்கள் கரடு ஏறுவதும் அதே கருக்கலில்தான் என்பதைக் கவனியுங்கள்.

சரி, இரவுதான் இருக்கிறதே, அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றும். அது அத்தனை சுலபம் இல்லை. பகலில் மேய்ந்து பழகிய உயிருக்கு இரவில் இரையும் வேறு, எதிரியும் வேறு. காட்டுமாடு தொந்தரவில்லாத இடத்தில் பகலிலும் மேயும், ஆள் புழங்கும் இடத்தில் இருட்டிய பிறகுதான் இறங்கும், அப்போது மலைரோட்டு வளைவில் வண்டிக்காரருக்கும் ஆபத்து, மாட்டுக்கும் ஆபத்து. அழகர்மலை அடிவாரத்தில் கடலை போட்டிருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார், "முன்னெல்லாம் பன்னி பொழுதடையவே வந்துரும், வெரட்டிட்டுப் போய்ப் படுத்துருவேன். இப்ப ரெண்டு மணிக்கு வருது, நான் எப்பத் தூங்குறது?" காட்டுக்குள் நம் நடமாட்டம் கூடக்கூட அவருடைய தூக்கமும் போகிறது என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே தேவாங்கு உண்டு, அழுங்கு என்கிற எறும்புத்தின்னி உண்டு. இரண்டும் முழு இரவுப் பிராணிகள். நாம் டார்ச்சும் கையுமாக இரவிலும் நுழைந்தால் அவை ஒதுங்குவதற்கு வேறு நேரமே கிடையாது.

அதனால் மலைக்குப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நன்றாக வெயில் ஏறிய பிறகு ஏறுங்கள், நான்கு மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஒரே தடத்தில் போங்கள், புதுத்தடம் வேண்டாம். வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அது மோப்பம் பிடித்துப் புதரெல்லாம் கலைத்துவிடும். வாராவாரம் அதே கரட்டுக்குப் போகாமல் நடுவில் சில வாரம் விடுங்கள். அப்புறம், ராத்திரி வண்டியில் வரும்போது கண் மின்னினால் நிறுத்தி போனை எடுக்க வேண்டாம், லைட்டை டிம்மில் போட்டு மெதுவாகக் கடந்துவிடுங்கள்.