மகள் பொலிஸ் வேண்டாம் என்கிறாள், எனக்கோ வாசலில் பொலிஸ் நின்றால் நிம்மதி

கேள்வி: தரம் 11 படிக்கும் என் மகள் சிநேகிதிகளோடு சேர்ந்து, பள்ளிக்கூடங்களுக்குள் மறுபடி பொலிஸ் வரக் கூடாது, சின்னப் பிழைக்கெல்லாம் பிள்ளைகளை இடைநிறுத்தக் கூடாது என்று கையெழுத்து வாங்கித் திரிகிறாள். அடுத்த மாதம் எங்கள் தொகுதியின் மாகாணப் பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கப் போகிறாளாம். இங்கே தரம் 9 படிக்கும் என் மகனைப் பள்ளிக்குப் பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் மூன்று பேர் அடித்து, போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு காலையில் வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறான். “வெளியே நடந்தது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்கிறது பள்ளி. “எங்கட காலத்தில் வாத்தியார் இரண்டு போட்டால் எல்லாம் சரி” என்கிறார் கணவர். மகளைத் தடுப்பதா, விடுவதா? அவள் பெயர் எங்காவது பதிவாகிவிடுமா?
– ஒரு தாய், ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் மகன். மகளின் விஷயம் ஒரு மாதம் பொறுக்கும், அவனுடைய வயிற்றுவலி பொறுக்காது.

“வெளியே நடந்தது” என்ற பதிலை ஏற்காதீர்கள். ஒன்ராறியோ கல்விச் சட்டப்படி, பள்ளி வளவுக்கு வெளியே நடந்தாலும் அது பள்ளியின் சூழலைப் பாதிக்குமானால் அதிபர் நடவடிக்கை எடுக்கலாம். அடிபட்ட பிள்ளை பள்ளிக்கு வரப் பயப்படுகிறான் என்பதைவிட வேறு என்ன பாதிப்பு வேண்டும்? மற்றப் பிள்ளைகளின் பெயரை அவர் உங்களுக்குச் சொல்லமாட்டார். ஆனால் உங்கள் மகனைப் பாதுகாக்க என்ன செய்தோம் என்பதைப் பெற்றோருக்குச் சொல்வது அவர் கடமை. போனில் கதைத்தால் காற்றோடு போய்விடும். மின்னஞ்சல் எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், காயம், அதற்குப் பிறகு அவன் வராத நாட்கள். எந்த வாசலால் வருவான், பஸ் வரும்வரை வெளியே யார் நிற்பார், பயமென்றால் எந்தப் பெரியவரிடம் போவான் என்று மூன்றே கேள்வி கேளுங்கள்.

அடித்துப் போன் பறிப்பது கொள்ளை. பள்ளி நேரடியாகப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் அது இருக்கிறது. ஆயுதம், பாலியல் தாக்குதல், மருத்துவரிடம் போகும் அளவுக்குக் காயம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஒவ்வொரு கல்விச்சபைக்கும் பொலிசுக்கும் இடையே இப்படியொரு ஏற்பாடு இருக்க வேண்டும். அதிபர் செய்யாவிட்டால் நீங்களே முறைப்பாடு கொடுக்கலாம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மகள் இதை எதிர்க்கவில்லை. ஆபத்து என்றால் பொலிசைக் கூப்பிடுவது ஒன்று; தினமும் சீருடையும் துப்பாக்கியுமாக ஒருவர் பள்ளிக்கூட நடைபாதையில் நிற்பது இன்னொன்று. அவள் வேண்டாம் என்பது இரண்டாவதை.

அந்தத் திட்டம் ரொறன்ரோவுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 2007இல் ஒரு பள்ளிக்குள் 15 வயது மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டான். 2008இல் பள்ளிகளில் பொலிசார் நிறுத்தப்பட்டார்கள். 2017இல் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை மாணவர்களிடம் கருத்துக் கேட்டது. பெரும்பாலானோருக்கு முறைப்பாடு இல்லை. பாதுகாப்பாக உணர்ந்தோம் என்று சொன்னவர்களும் நிறையப் பேர். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயமாக இருக்கிறது, எங்களையே கண்காணிக்கிறார்கள் என்றார்கள். அந்த நவம்பரில் சபை திட்டத்தை நிறுத்தியது. பெரும்பான்மைக்குப் பிடித்திருந்தும் நிறுத்தியதேன் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் சட்டப்படி போயே ஆக வேண்டிய இடம். பயந்தவன் வேறெங்கே போவான்? எனக்கு அந்த முடிவு சரி என்றுதான் படுகிறது.

பயம் ஆதாரமில்லாததும் அல்ல. 2016இல் மிசிசாகாவில் ஒரு பள்ளிக்கு அழைக்கப்பட்ட இரண்டு பொலிசார், ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமிக்குக் கைவிலங்கு போட்டார்கள். அதில் இனமும் ஒரு காரணம் என்று 2020இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயம் சொன்னது.

இது கறுப்பினப் பிள்ளைகளின் பிரச்சினை, எங்களுக்கென்ன என்று யாராவது சொன்னால், 2000ஆம் ஆண்டில் மாகாணம் கொண்டுவந்த பாதுகாப்பான பள்ளிகள் சட்டத்தை நினைவுபடுத்துங்கள். காரணம் கேட்காமல் இடைநிறுத்து, வெளியேற்று என்ற காலம் அது. 2003இல் மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்காக எழுதப்பட்ட அறிக்கை, கறுப்பின மாணவர்களும் மாற்றுத்திறனாளிகளும் கூடுதலாகப் பாதிக்கப்படுவதாகப் பரவலான எண்ணம் இருப்பதைச் சொல்லிவிட்டு, தமிழ் மாணவர்களைப் பற்றியும் அப்படிச் சிலர் கருதுவதாகப் பதிவு செய்திருக்கிறது. ஸ்காபரோவில் தமிழ்ப் பெடியன்கள் நாலு பேர் சேர்ந்து நின்றால் ‘காங்’ (குற்றக் கும்பல்) என்று பார்த்த காலம் அது. உங்கள் வயதுக்காரர் பலருக்கு அது நினைவிருக்கும். கட்டாயத் தண்டனை முறையை 2008இல் கைவிட்டார்கள். இப்போது அதிபர் பிள்ளையின் வயது, பின்னணி, அவனும் துன்புறுத்தப்பட்டானா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இடைநிறுத்தப்பட்ட பெடியன் அந்த நாட்களில் எங்கே நிற்பான்? பெரும்பாலும் அதே பஸ் தரிப்பிடத்தில்.

அதற்காக உங்கள் பயத்தை அறியாமை என்று சொல்லமாட்டேன். 2022 பெப்ரவரியில் ஸ்காபரோவின் ஒரு பள்ளிக்குள்ளேயே 18 வயது மாணவன் சுடப்பட்டு இறந்தான். அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் இன்னொரு பள்ளிக்கு வெளியே ஒரு இளைஞன். ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பீல் பகுதியில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வொன்றில், பள்ளியில் பொலிஸ் இருந்ததால் பயம் குறைந்தது என்று தரம் 9 பிள்ளைகள் சொன்னார்கள். உங்கள் மகனின் வயது. மகள் இதைப் படித்திருக்கிறாளா என்று கேளுங்கள். அமெரிக்க ஆய்வுகளில் பொலிஸ் இருக்கும் பள்ளிகளில் சில வகை அடிதடி குறைந்திருக்கிறது, துப்பாக்கிச்சூடு குறையவில்லை, இடைநிறுத்தமும் வெளியேற்றமும் கூடியிருக்கின்றன, கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதிகமாக. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. அவள் கூட்டத்தில் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

“வேண்டாம்” என்பது பாதிக் கோரிக்கை. மிச்சப் பாதியில், பொலிஸ் நின்ற இடத்தில் யார் நிற்பார் என்பதற்கு விடை வேண்டும். பிள்ளைகளின் பெயர் தெரிந்த இளைஞர் பணியாளர், சமூக சேவையாளர், வகுப்புகளுக்கு இடையில் நடைபாதையில் நிற்க ஆள் என்று அவள் கேட்பவை இருக்கும். எத்தனை பேர், எந்தப் பள்ளிக்கு, எந்த நேரத்தில் என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த உறுப்பினர் தலையாட்டிவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்.

அவள் சரியான கதவைத்தான் தட்டுகிறாள். முன்பென்றால் கல்விச்சபைக் கூட்டத்தில் பேசினால் போதும். 2025 ஜூனில் மாகாண அரசு ரொறன்ரோ சபைக்கு மேற்பார்வையாளரை நியமித்து முடிவெடுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நிறைவேறிய 33ஆம் மசோதா, பொலிஸ் சேவை பள்ளிக்கான திட்டம் வைத்திருந்தால் சபைகள் அதை ஏற்க வேண்டும் என்கிறது. ஆகவே பேச வேண்டிய இடம் மாகாணப் பாராளுமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்தான்.

பெயர் பதிவாகுமா என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் பெயர்ப் பட்டியல் என்றால் என்ன என்பது தெரிந்தவர் கேட்கும் கேள்வி இது. இங்கே மனு எழுதுவதும் அமைதியாகக் கூடுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை. அதனால் குற்றப் பதிவு வராது. படிப்பு நேரத்தில் வெளியேறிப் போராடினால் வரவில்லை என்று குறிப்பார்கள், அவ்வளவுதான். சமூக வலைத்தளத்தில் படமும் பள்ளியின் பெயரும் போடுவதில் மட்டும் கவனமாக இருக்கட்டும்.

கணவருக்கு ஒரு வரி: ஆசிரியர் தண்டனையாகப் பிள்ளையை அடிப்பதை 2004இலேயே கனடா உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அடியாத மாடு படியாது என்று வளர்ந்த தலைமுறை நாங்கள். அப்படிப் படித்தவர்களில் எத்தனை பேர் ஓ.எல். பரீட்சை முடிக்காமலே பள்ளியை விட்டு ஓடினார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

பள்ளி, அடித்தவர்களோடு உட்கார்ந்து கதைக்கும் மீளிணக்க வட்டத்துக்கு மகனைக் கூப்பிடலாம். நல்லபடி நடத்தினால் பலன் உண்டு. ஆனால் அவனுக்கு மனமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். “கைகொடுத்துவிட்டுப் போ” என்று முடித்துவைக்க விடாதீர்கள்.

ஆகவே மகளைத் தடுக்காதீர்கள். சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். எதிர்க் கருத்தோடு போனாலும் பரவாயில்லை. போவதற்கு முன் ஒன்று: தம்பிக்கு நடந்ததை அங்கே எடுத்துச் சொல்ல அவளுக்குக் கட்டாயம் ஆசை வரும். அவனிடம் கேட்கட்டும். அவன் மாட்டேன் என்றால், பெயர் சொல்லாமல்கூட அந்தக் கதையை அங்கே எடுக்கக் கூடாது.