மலேசியாவின் பினாங்கு மலைக்கு ஒரு நாள் போதுமா, ஊட்டி மாதிரி குளிருமா?

அரை நாளே போதும். ஆனால் குளிருக்காகப் போகாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர். இது சுமார் 830 மீட்டர்தான். கீழே பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் வேர்த்துக் கொட்டும், மேலே காற்று கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். நான் திருப்பூரிலிருந்து மூன்று பேருக்கு ஸ்வெட்டர் சுமந்துகொண்டு போனேன். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

அப்புறம் எதற்குப் போவது? மலை ஏறும் அந்த ரயிலுக்காகப் போகலாம். பெட்டிக்குள் நுழைந்ததும் அம்மா, "இதென்ன கண்ணு, நம்ம பழனி வின்ச்சாட்டவே இருக்குது" என்றார். சரியான பேச்சு, இதையும் இரும்பு வடம்தான் இழுக்கிறது. ஒரு பெட்டி ஏறும்போது இன்னொன்று இறங்கும், பாதி வழியில் இரண்டும் விலகிக்கொள்ளும். தூரம் ஏறக்குறைய 2 கி.மீ. 1923இல் வந்த பழைய ரயிலில் நடுவே இறங்கி வேறு பெட்டி மாற வேண்டுமாம். 2011இல் புதுப்பித்த பிறகு பத்து நிமிடத்துக்குள் உச்சி வந்துவிடுகிறது. ஏறும்போது பெட்டியின் கீழ்க்கோடியில் நில்லுங்கள், ஊர் காலடியில் விரிந்துகொண்டே போகும்.

மேலேயிருந்து துறைமுகம், எதிர்க்கரை, 13.5 கி.மீ. நீளப் பாலம் எல்லாம் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே குனோங் ஜெராய் மலை தெரிகிறது. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்குதான் பழைய கடாரம் என்கிறார்கள். 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பல் படை அனுப்பினானே, அந்தக் கடாரம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பெயர், கண்ணுக்கெதிரே நீலமாக நின்றது.

உச்சியில் முருகன் கோயில் ஒன்று உண்டு, பக்கத்திலேயே மசூதி. அம்மாவைக் கோயிலிலிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நாங்கள் செய்த தப்பு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனது. ஏறுவதைவிட இறங்கத்தான் கூட்டம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றோம். வார நாளில் காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் வந்து மூடிக்கொண்டால் காசு வீண். ஊருக்குள் கொம்தார் பஸ் நிலையத்திலிருந்து 204ஆம் எண் பஸ் அடிவாரம் வரை வரும், டாக்சி தேவையில்லை.

திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி என்ற பெரிய சீனப் பௌத்தக் கோயில் இருக்கிறது, நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த வரிசையிலேயே பொழுது போய்விட்டதால் அதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.