ஒரே நாள்ல 94 செமீ மழைன்னா என்ன அர்த்தம்? (மும்பை, 2005 ஜூலை 26)

மழை அளவுன்னா, பெஞ்ச தண்ணி ஓடாம, ஊறாம, ஆவியாகாம அப்படியே நின்னா எவ்ளோ உயரத்துக்கு நிக்கும்ங்கறதுதான். ஒரு மில்லிமீட்டர்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அன்னைக்கு மும்பையோட வடக்குப் புறநகர் சாந்தாகுரூஸ்ல பதிவானது 944 மிமீ, அதாவது ஒரு கேரம் போர்டை விட கொஞ்சம் பெரிய இடத்துல 20 லிட்டர் வாட்டர் கேன் 47 கவுத்தாப்ல, அதுவும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், நெனச்சுப் பாருங்க, சென்னைக்கு வருஷம் முழுக்க பெய்யறதே சுமார் 140 செமீதான்.

ஏன் இப்படி? தென்மேற்குப் பருவக்காத்து கடல் ஈரத்தை விடாம தள்ளிட்டு வர, இடிமேகம் வடக்குப் புறநகர் மேலயே நகராம நின்னுடுச்சு. கடல்ல ஹைடைட் (கடல் மட்டம் ஏறியிருக்கற நேரம்) வேற, மித்தி ஆத்துத் தண்ணி வெளிய போக வழியில்ல.

இன்னொண்ணு, வானிலைத் துறை மழைக் கணக்குல "ஒரு நாள்"ங்கறது நள்ளிரவுக்கு நள்ளிரவு இல்ல, காலைல 8.30ல இருந்து மறுநாள் 8.30 வரைக்கும். அதான் சில லிஸ்ட்ல, கணக்கு முடியற தேதிய வச்சு, இதுவே ஜூலை 27ன்னு இருக்கும், குழம்பாதீங்க.

நிறைய பேர் மும்பை முழுக்க 94 செமீ கொட்டுச்சுன்னு நெனைக்கறாங்க, ஆனா சாந்தாகுரூஸ்ல இருந்து 20 கிமீ சொச்சம் தள்ளி, தெற்கு மும்பைல இருக்கற கொலாபால அன்னைக்கு வெறும் 7 செமீதான்.