படகு சோனாரை உறைந்த ஏரியில் பயன்படுத்தலாமா?

கேள்வி: கோடையில் படகில் வைத்திருக்கும் மீன் தேடும் சோனாரை, உறைந்த ஏரியில் ஐஸைத் துளைத்து இறக்கிப் பார்த்தேன். ஏரியின் தரை தெரிகிறது, ஆனால் நான் இறக்கும் ஜிக் (எடை வைத்த தூண்டில் இரை) தெரியவே இல்லை. மத்தியானத்துக்குள் பேட்டரியும் தீர்ந்துவிடுகிறது. படகுக் கருவி ஐஸுக்கு ஆகாது, தனியாக ‘ஐஸ் கிட்’ (உறைந்த ஏரியில் மீன் பிடிக்கவென்று விற்கும் தொகுப்பு) வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தரை தெரிகிறது என்றால் கருவி ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைச் சரியாகக் கேட்கிறது என்று அர்த்தம். கோளாறு அதைத் தொங்கவிட்ட விதத்தில் இருக்கிறது.

படகின் பின்பலகையில் மாட்டும் டிரான்ஸ்டியூசருக்கு, அதாவது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் பாகத்துக்கு, பெரும்பாலும் கேபிள் பின்பக்கமாக வெளியே வரும். கேபிளைப் பிடித்து இறக்கினால் அது மூக்கு கீழே போய்ச் செங்குத்தாக நிற்கும்; தரையைப் பார்க்க வேண்டிய முகம் பக்கவாட்டில் திரும்பிவிடும். நீங்கள் ஏதாவது கயிறு கட்டி ஓரளவு நிமிர்த்தியிருப்பீர்கள். அந்த ‘ஓரளவு’ போதாது. 200 கிலோஹெர்ட்ஸில் சோனாரின் ஒலி பொதுவாக 20 டிகிரி கூம்பாக இறங்குகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அதன் அகலம் சுமார் 3.5 மீட்டர். டிரான்ஸ்டியூசர் 10 டிகிரி சாய்ந்தாலே, துளைக்கு நேர்கீழே இருக்கும் ஜிக் கூம்பின் ஓரத்துக்குப் போய்விடும். 15 டிகிரி என்றால் வெளியே. தரை பெரியது, எப்படிச் சாய்த்தாலும் எங்கோ ஒரு இடத்தில் எதிரொலிக்கும். அதனால்தான் அது தெரிகிறது, ஜிக் தெரியவில்லை.

ஒரு பிளாஸ்டிக் குழாய் அல்லது அலுமினியப் பட்டையின் நுனியில் டிரான்ஸ்டியூசரை அதன் சொந்த பிராக்கெட்டோடு போல்ட் போட்டு மாட்டுங்கள். குழாயை நேராகப் பிடித்து, டிரான்ஸ்டியூசரின் முகத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்து முறுக்குங்கள். துளைக்குக் குறுக்கே ஒரு கட்டையை வைத்து அதில் குழாயைக் கட்டிவிடலாம். முகம் ஐஸின் அடிப்பரப்பைத் தாண்டி ஒரு சாண் கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் துளையின் சுவரே கூம்பை வெட்டிவிடும். துளையில் மிதக்கும் ஐஸ் கூழையும் அள்ளிப் போடுங்கள். அப்புறம் ஜிக்கை மெதுவாக இறக்குங்கள். மேலிருந்து தரை வரை ஒரு கோடாகத் தொடர்ந்து தெரிந்தால் வேலை முடிந்தது.

துளையே போடாமல் ஐஸ் வழியாகப் பார்க்க முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். முடியும், ஆனால் கண்ணாடி மாதிரித் தெளிந்த, குமிழே இல்லாத ஐஸில் மட்டும். பனியை ஒதுக்கி, தண்ணீர் ஊற்றி, அந்த ஈரத்தில் முகத்தை அழுத்தி வைக்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே இறங்காது. வெண்மையான ஐஸ் என்றால் அதற்குள் காற்றுக் குமிழ் இருக்கிறது, முயற்சியே வேண்டாம். உருகி மறுபடி உறைந்த அடுக்கு ஐஸிலும் அப்படித்தான். தெளிந்த ஐஸிலும் ஆழம் தெரியும், மீன் கூட்டம் தெரியலாம்; ஜிக்கைப் பார்க்க எப்படியும் துளை வேண்டும். இடம் தேடும்போது வீண் துளைகளைக் குறைக்க உதவும், அவ்வளவுதான்.

பேட்டரிக்கு வருவோம். ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி, மைனஸ் 20 டிகிரியில் ஏறக்குறைய பாதிதான் தரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் நல்ல மாற்று, எடையும் குறைவு. ஆனால் லேபிளை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். உண்மையான 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி சுமார் ஒரு கிலோ இருக்கும். கையில் எடுத்தால் காற்றாக இருக்கும் ஒன்றில் ‘20 ஆம்பியர்-மணி’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்கள் உண்டு. இன்னொரு வில்லங்கம்: ‘12 வோல்ட்’ என்று சொல்லி நான்கு செல் லித்தியம் அயன் பேக் தருவார்கள். முழு சார்ஜில் அது 16.8 வோல்ட். உங்கள் கருவி எவ்வளவு தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும், வாங்குமுன் பாருங்கள். பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கையேடு சொல்லும் ஃபியூஸைப் போடுங்கள். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து, அது அறைச்சூட்டுக்கு வந்த பிறகு செருகுங்கள்.

திரையில் மீன் படக்குறி, தானியங்கி ரேஞ்ச் (திரை காட்டும் ஆழ அளவைக் கருவியே மாற்றுவது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் நகராததால் படகில் பார்த்த வளைவுகள் வராது. மீன் நீண்ட கோடாகத் தெரியும். வலது ஓரம்தான் இந்த நொடி, மற்றதெல்லாம் பழசு. இதைக் கையேட்டில் ஒரு பக்கம் எழுதினால் என்ன குறைந்துவிடும்? எழுத மாட்டார்கள். ஆனால் மாடலுக்கு மாடல் பிளக்கின் பின்களை மட்டும் மறக்காமல் மாற்றி வைப்பார்கள், பழைய டிரான்ஸ்டியூசர் புதியதில் பொருந்தக் கூடாதே! பொருந்தவில்லை என்று கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள். உள்ளே இருக்கும் கவசக் கம்பி போனால் திரை முழுக்க இரைச்சல்தான்.

ரசமட்டம் பார்த்து மாட்டியும் ஜிக் தெரியவில்லையா? டிரான்ஸ்டியூசரின் லேபிளைப் படியுங்கள். 455, 800 கிலோஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் அது நகரும் படகிலிருந்து படம் எடுக்கும் வகை. அதன் ஒலிக்கற்றை ஒரு திசையில் மெல்லிய தகடு, நின்ற இடத்தில் வேலைக்கு ஆகாது. அப்போதும் 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் ஒன்றை, உங்கள் கருவியின் மாடல் எண்ணைக் காட்டி, தனியாக வாங்குங்கள். திரையோடு சேர்த்துத்தான் தருவேன் என்றால் வேறு கடை பாருங்கள்.